அப்லோட் பொத்தானை அழுத்தும்போது என்னதான் நடக்கிறது?

பினாங்குக்கு எலெக்ட்ரானிக்ஸ் புதிதல்ல. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கி, இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கே அமைத்த காலத்திலிருந்து, இந்த ஊரில் சிப் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்த உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் மைக்ரோகண்ட்ரோலர் போன்ற ஒரு சிப்புக்குள் நாம் எழுதிய நிரல் எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்டால், அதையே பாடமாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகள்கூடத் தடுமாறுகிறார்கள். குறை அவர்களுடையதல்ல. “சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணு, போர்டைச் செருகு, அப்லோட் அழுத்து” என்று மூன்றே வரியில் யாரோ சொல்லி முடித்திருப்பார்கள். போர்டு என்பது அந்தச் சிப் பொருத்திய சிறு சுற்றுப்பலகை. அப்லோட் என்பது நிரலை லேப்டாப்பிலிருந்து அதில் ஏற்றுவது.

மூன்று வரியும் சரியாக நடந்தால் பிரச்சினை இல்லை. நடக்காதபோது திரையின் அடியில் சிவப்பு எழுத்துகள் ஓடும். வார இறுதிகளில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும்போது அதிகம் கேட்பது இதைத்தான்: “அண்ணே, போர்டு செத்துப்போச்சு.” எடுத்துப் பார்த்தால் போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கேபிளோ, டிரைவரோ, தவறாகத் தேர்ந்தெடுத்த ஒரு மெனுவோதான் காரணம். அப்லோட் என்ற ஒற்றைப் பொத்தானுக்குப் பின்னால் தனித்தனியான பல கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. எது எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், ஆய்வக நேரத்தில் பாதி மிச்சமாகும்.

சமையல் ஓரிடம், சாப்பாடு ஓரிடம்

நிபோங் திபாலில் பொறியியல் வளாக விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்கு, சுங்கை பட்டாணியிலிருந்து அம்மா சாப்பாடு கட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடுதி அறையில் அடுப்பு கிடையாது. என்ன வேண்டும் என்று மகன் எழுதி அனுப்புகிறான். வீட்டில் சமையல் நடக்கிறது. தூக்குச்சட்டியில் அடைத்ததும் வண்டி கிளம்புகிறது. விடுதி வாசலில் காவலர் வாங்கி அறைக்குக் கொண்டுபோய் வைக்கிறார்.

ஒரு நாள் சாப்பாடு வரவில்லை என்றால், சமையல் முடியவில்லையா, வண்டி வழியில் நின்றதா, வாசலில் காவலர் இல்லையா என்றுதான் விசாரிப்போம். மகனுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்த எடுப்பில் யாரும் முடிவு கட்டமாட்டார்கள். மைக்ரோகண்ட்ரோலர் விஷயத்தில் மட்டும் அந்த முடிவுக்கு உடனே போய்விடுகிறோம்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது செயலி, நினைவகம், வெளியே கம்பி இணைப்பதற்கான கால்கள் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய சின்னஞ்சிறு கணினி. துணி துவைக்கும் இயந்திரத்திலும் ஏர்கான் ரிமோட்டிலும் இருப்பது இதுதான். ஆய்வகங்களில் அதிகம் காணும் ஆர்டுயினோ ஊனோவிலும், பினாங்கு நிறுவனமான சைட்ரோன் மாணவர்களுக்காக வடிவமைத்த மேக்கர் ஊனோவின் மூல வடிவத்திலும் ஏடிமெகா328பி என்ற சிப் இருக்கிறது. நிரலை வைத்துக்கொள்ள 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம். மின்சாரம் போனாலும் இதில் உள்ளது அழியாது. நிரல் ஓடும்போது தற்காலிகக் கணக்குகளுக்கு 2 கிலோபைட் ராம். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ்.

2 கிலோபைட் எவ்வளவு என்று மனத்தில் பதிய ஒரு கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் தமிழை எழுதினால் எழுத்து, புள்ளி, கொம்பு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் செலவாகும். 682 குறிகளில் அந்த ராம் நிறைந்துவிடும். இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளே அதற்குள் அடங்கா. இப்படிப்பட்ட சிப்பில் விண்டோஸ் ஓடாது, கோப்புறைகள் இருக்காது, நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருளை வைக்கவும் இடமில்லை. ஆகவே சமையல் முழுவதும் லேப்டாப்பில்தான் நடந்தாக வேண்டும்.

திரையில் தெரிவது எது, வேலை செய்வது எது

நாம் நிரலைத் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்கு ஐடிஇ என்று பெயர். ஆர்டுயினோ ஐடிஇ, எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ, பிளாட்ஃபார்ம்ஐஓ சேர்த்த விஎஸ் கோடு எல்லாம் இந்த வகை. நிரலை மொழிபெயர்ப்பதும் சிப்பில் ஏற்றுவதும் ஐடிஇ நேரடியாகச் செய்யும் வேலைகள் அல்ல. பின்னணியில் வேறு நிரல்களைக் கூப்பிட்டு அவற்றைச் செய்ய வைக்கிறது. ஊனோவுக்கு மொழிபெயர்ப்பவர் ஏவிஆர்-ஜிசிசி, ஏற்றுபவர் ஏவிஆர்டியூட்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆர்டுயினோ ஐடிஇ அமைப்புகளில் விரிவான வெளியீட்டைக் காட்டச் சொல்லும் இரண்டு சிறு கட்டங்கள் உண்டு. ஒன்று மொழிபெயர்ப்புக்கு, மற்றது ஏற்றுவதற்கு. இரண்டிலும் டிக் வைத்துவிட்டு அப்லோட் அழுத்துங்கள். எந்தக் கருவி எந்தக் கோப்புறையிலிருந்து எப்போது கூப்பிடப்படுகிறது என்பது வரிவரியாக ஓடும். முதல் நாளே மாணவர்கள் ஒருமுறை இதைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பொத்தான் ஒன்று, வேலைகள் பல என்பது அதற்குப் பிறகு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கம்பைலர்: மனிதர் எழுதியது பிட்டுகளாகும் இடம்

நாம் எழுதிய சி மொழி வரிகளை, சிப் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். லேப்டாப்பில் உட்கார்ந்து வேறொரு வகைச் செயலிக்காக மொழிபெயர்ப்பதால் இதற்குக் குறுக்குக் கம்பைலர் என்று பெயர்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். ஊனோவில் 13ஆம் கால், சிப்பின் பி என்ற வரிசையில் 5ஆம் பிட். அதோடு இணைந்த எல்இடியை எரியவிட, அந்தப் பிட்டை 1 ஆக்கும்படி நேரடியாக ஒரு வரி எழுதினால், கம்பைலர் அதை இப்படி மாற்றுகிறது:

1001 1010 0010 1101

பதினாறே பிட்டுகள். முதல் எட்டு, “ஒரு பிட்டை 1 ஆக்கு” என்ற கட்டளை. அடுத்த ஐந்து 00101, அதாவது 5. இது பி வரிசையின் முகவரி. கடைசி மூன்று 101, அதுவும் 5. அந்த வரிசையில் எத்தனையாவது பிட் என்பது. நம் லேப்டாப்பின் செயலியிடம் இதே பதினாறு பிட்டுகளைக் கொடுத்தால் அது வேறு ஏதோ ஒன்றாகப் படிக்கும். ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் தனிக் கம்பைலர் வேண்டியிருப்பது இதனால்தான். ஊனோவுக்கு ஏவிஆர்-ஜிசிசி போல, எஸ்டிஎம்32, ராஸ்பெரி பை பிக்கோ போன்ற ஆர்ம் வகைக்கு வேறு ஜிசிசி, இஎஸ்பி32க்கு இன்னொன்று.

மொழிபெயர்த்து முடித்ததும் கிடைப்பது ஹெக்ஸ் கோப்பு. சிப்பின் எந்த முகவரியில் எந்தப் பைட்டுகள் போக வேண்டும் என்று பதினாறடி எண்களில் எழுதிய சாதாரண உரைக்கோப்பு இது. 1970களில் இன்டெல் வகுத்த இந்த வடிவத்தை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: முக்காற்புள்ளி, 00000001, பிறகு எஃப்எஃப். “கோப்பு முடிந்தது” என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு வரியின் கடைசிப் பைட்டும் சரிபார்ப்பு எண். வரியிலுள்ள எல்லாப் பைட்டுகளையும் இதோடு கூட்டினால் கடைசி எட்டுப் பிட்டுகளும் 0 ஆக வேண்டும். மேற்சொன்ன வரியில் 1உம் 255உம் (எஃப்எஃப் என்பது 255) சேர்ந்து 256. எட்டுப் பிட்டில் அது 0. வரியில் ஒரு எழுத்து பிசகினாலும் கணக்கு உதைக்கும்.

போர்டு மெனுவின் முக்கியத்துவமும் இங்கேதான் இருக்கிறது. அந்த மெனுவில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தச் சிப்புக்கு மொழிபெயர்ப்பது, நினைவகம் எவ்வளவு, பிறகு எந்த வேகத்தில் எந்த முறையில் ஏற்றுவது என்ற மூன்றையும் சேர்த்தே சொல்கிறோம். மலிவான ஆர்டுயினோ நானோ வகைப் போர்டுகள் பலவற்றில் ஒரு சிக்கல் வரும். சிப் சரி, மொழிபெயர்ப்பும் சரி, ஆனால் அவை நொடிக்கு 57,600 பிட் வேகத்தில் பேசும் பழைய வகை. ஐடிஇயோ 115,200இல் பேசும். மெனுவில் பழைய பூட்லோடர் (நிரலை வாங்கிச் சிப்பில் வைக்கும் குட்டி நிரல், பின்னால் பார்ப்போம்) என்ற தேர்வுக்கு மாறினால் அடுத்த நொடி வேலை செய்யும்.

இதுவரை பார்த்தது: நிரலை எழுதுவது ஐடிஇயில், மாற்றுவது கம்பைலர், மாற்றியது கிடைப்பது ஹெக்ஸ் கோப்பாக. இது எதற்கும் போர்டு தேவையில்லை. சரிபார்ப்புப் பொத்தானை மட்டும் அழுத்தினால், போர்டைச் செருகாமலேயே இந்தப் பகுதி சரியா என்று தெரிந்துவிடும்.

சாலை: கேபிள், டிரைவர், காம் எண்

மாணவர்களின் நேரத்தை அதிகம் விழுங்குவது இந்தப் பகுதி. ஆனால் பாடக் குறிப்புகளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

கேபிளில் தொடங்குவோம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. பவர் பேங்க், மேசை விளக்கு போன்றவற்றோடு வரும் சில கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே உண்டு. போர்டில் விளக்கு எரியும், ஆனால் லேப்டாப்புக்கு அப்படியொரு போர்டு இருப்பதே தெரியாது. செருகும்போது விண்டோஸ் “டிங்” என்று ஒலிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல்தான் விழ வேண்டும். ஆய்வகத்தில் தரவு போகும் கேபிள்களுக்கு வண்ண டேப் சுற்றி வைத்தால் இந்தத் தலைவலி ஒழிந்தது.

அடுத்து டிரைவர். புதிதாகச் செருகிய ஒரு சாதனத்தோடு எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் சிறு மென்பொருள் அது. ஊனோவின் ஏடிமெகா328பிக்கு யூஎஸ்பி பேசத் தெரியாது. இடையில் இன்னொரு சிப் மொழிபெயர்க்கிறது. அசல் ஊனோவில் அது ஏடிமெகா16யூ2. மேக்கர் ஊனோவிலும், கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் கிடைப்பது போன்ற மலிவு போர்டுகள் பலவற்றிலும் சிஎச்340. இஎஸ்பி32 போர்டுகளில் அடிக்கடி காண்பது சிபி2102. நண்பனின் லேப்டாப்பில் வேலை செய்த போர்டு உங்களுடையதில் வேலை செய்யாததற்கு, அந்த இடைச் சிப்புக்குரிய டிரைவர் உங்களிடம் இல்லாததே காரணமாக இருக்கலாம். விண்டோஸ் சாதன மேலாளரைத் திறந்தால், மஞ்சள் முக்கோணத்தோடு பெயர் தெரியாத ஒன்று நிற்கும்.

டிரைவர் சரியானதும் அதே இடத்தில் ஒரு காம் எண் தோன்றும். காம்3, காம்7 என்பது போல. அந்த இணைப்புக்கு விண்டோஸ் வைத்த பெயர் அது. சிஎச்340 சிப்புகள் பெரும்பாலானவற்றுக்குத் தனி வரிசை எண் இல்லாததால், விண்டோஸ் போர்டைப் பார்த்து எண் கொடுப்பதில்லை, செருகிய துளையைப் பார்த்துக் கொடுக்கிறது. நேற்று இடப்பக்கத் துளையில் காம்4, இன்று வலப்பக்கத்தில் காம்6. ஐடிஇ இன்னும் காம்4ஐத்தான் தேடிக்கொண்டிருக்கும். எந்த எண் என்று குழப்பமா? போர்டைப் பிடுங்கிப் பாருங்கள், பட்டியலிலிருந்து மறைவது எதுவோ அதுதான்.

ஒரு காம் எண்ணை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்திருக்க முடியும். வேறொரு ஜன்னலில் சீரியல் மானிட்டர் (போர்டோடு எழுத்துகளை அனுப்பிப் பெறும் கருவி) திறந்திருந்தால் “அனுமதி மறுக்கப்பட்டது” என்று வரும். லினக்ஸில் அதே செய்தி வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். உபுண்டுவில் பயனர் பெயர் டயல்அவுட் என்ற குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்பவர்கள் நிறைய.

வாசலில் நிற்கும் பூட்லோடர்

பூட்லோடர் என்பது சிப்புக்குள்ளேயே முன்கூட்டி ஏற்றி வைத்திருக்கும் குட்டி நிரல். சாப்பாட்டை வாங்கி வைக்கும் காவலர் இவர்தான். ஊனோவில் 32 கிலோபைட்டில் இது எடுத்துக்கொள்வது 512 பைட். அதனால்தான் நம் நிரலுக்கு அதிகபட்சம் 32,256 பைட் என்று ஐடிஇ காட்டுகிறது.

ஏற்றும் நேரத்தில் நடப்பது இது. லேப்டாப் ஒரு சைகையால் சிப்பை ரீசெட் செய்கிறது. சிப் விழித்ததும் பூட்லோடர் முதலில் எழுந்து, ஏறத்தாழ ஒரு நொடி காத்திருந்து, புதிய நிரல் ஏதாவது வருகிறதா என்று கேட்கிறது. ஏவிஆர்டியூட் ஒரு வணக்கம் அனுப்புகிறது. பதில் வந்தால் ஹெக்ஸ் கோப்பின் பைட்டுகள் ஒவ்வொரு கட்டாகப் போய் ஃபிளாஷில் பதிகின்றன. பிறகு அவற்றைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் அதால் முடியும். யாரும் வரவில்லை என்றால் பூட்லோடர் விலகிக்கொள்ள, ஏற்கெனவே உள்ள நிரல் ஓடத் தொடங்கும்.

மாணவர்களைக் கலங்க வைக்கும் “நாட் இன் சிங்க்” என்ற செய்தி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பத்து முறை முயன்றதாக அது காட்டும். “நான் வணக்கம் சொன்னேன், அந்தப் பக்கமிருந்து சரியான பதில் வரவில்லை” என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தவறான காம் எண், தவறான போர்டு தேர்வு, வேகப் பொருத்தமின்மை எல்லாமே இதே செய்தியைத்தான் தரும். இன்னொரு காரணத்தையும் நினைவில் வையுங்கள். 0, 1 ஆகிய கால்களில் புளூடூத் மாட்யூல் போன்ற எதையாவது இணைத்திருந்தால் அதுவும் இதைத் தரும். நிரல் உள்ளே வருவதும் அதே இரண்டு கால்கள் வழியாகத்தான். ஏற்றும்போது அவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

அப்போதும் புரியவில்லையா? சாலையையும் காவலரையும் தனித்தனியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. 0, 1 கால்களில் வேறெதுவும் இல்லாதபடி எடுத்துவிட்டு, ரீசெட் காலை கிரவுண்டோடு ஒரு கம்பியால் இணையுங்கள். சிப் தூங்கிவிடும். 0ஆம் காலையும் 1ஆம் காலையும் இன்னொரு கம்பியால் சேருங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து ஏதாவது தட்டச்சு செய்து அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், காம் எண், இடைச் சிப் நான்கும் நலம். கோளாறு சிப்பிலோ பூட்லோடரிலோ இருக்கிறது. வரவில்லை என்றால் சிப்பைத் தொடவே வேண்டாம், சாலையைப் பாருங்கள். போர்டைக் குப்பையில் போடுவதற்கு முன் இந்தச் சோதனையை அவசியம் செய்துவிடுங்கள்.

மற்ற போர்டுகளில் வாசல் வேறு விதமாக இருக்கும். 2021இல் வந்த பிக்கோவில் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே செருகினால், அது ஒரு பென்டிரைவ் போலத் தோன்றும். மொழிபெயர்த்த நிரல் அடங்கிய யூஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் போதும். இஎஸ்பி32 போர்டுகள் சிலவற்றில் ஏற்றத் தொடங்கும்போது பூட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எஸ்டிஎம்32 நியூக்ளியோவில் எஸ்டி-லிங்க் என்ற தனிப் பகுதி போர்டிலேயே இருப்பதால் பூட்லோடரின் தயவு வேண்டியதில்லை. ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி மாறிகளின் மதிப்பைப் பார்க்க உதவும் டிபக்கர் வசதியும் அதன் வழியாகக் கிடைக்கிறது. முதல் செமஸ்டருக்கு அது அவசியமில்லை.

சுருக்கமாக: சிவப்பு எழுத்து மொழிபெயர்ப்பின்போது வந்தால் நிரலையோ போர்டு தேர்வையோ பாருங்கள். காம் எண்ணே தோன்றவில்லை என்றால் கேபிள், டிரைவர். காம் எண் இருந்தும் பதில் இல்லை என்றால் வேகம், பூட்லோடர், 0உம் 1உம்.

முப்பது கணினிகள் உள்ள ஆய்வகத்தில்

சொந்த லேப்டாப்பில் சரியானது ஆய்வகக் கணினியில் தவறிப்போவதற்குத் தனிக் காரணங்கள் உள்ளன. ஆர்டுயினோ ஐடிஇயை நிர்வாகி ஒருமுறை நிறுவியிருந்தாலும், கம்பைலரும் போர்டு தொகுப்புகளும் (ஒவ்வொரு போர்டு வகைக்கும் வேண்டிய கோப்புகள்) இறங்குவது அவரவர் பயனர் கணக்கின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ஆர்டுயினோ15 கோப்புறையில். வெளியேறும்போது பயனர் கணக்கைத் துடைத்துவிடும் கணினிகளில், ஒவ்வொரு வகுப்பிலும் எல்லாம் முதலிலிருந்து இறங்க வேண்டும். இஎஸ்பி32 தொகுப்பு மட்டுமே சில நூறு மெகாபைட். முப்பது பேர் ஒரே வைஃபையில் இறக்கினால் வகுப்பு முடிந்துவிடும். பழைய 1.8.19 ஐடிஇயின் ஜிப் வடிவத்தை விரித்து, அதற்குள் போர்டபிள் என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கினால், எல்லாத் தொகுப்புகளும் அதற்குள்ளேயே தங்கும். ஒரு கணினியில் தயார் செய்து மற்றவற்றுக்குப் பென்டிரைவில் நகலெடுக்கலாம். புதிய ஐடிஇயின் அழகு இதில் இல்லை, ஆனால் ஆய்வகத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். சிஎச்340, சிபி2102 டிரைவர்களுக்கு நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதால் அவற்றை மட்டும் செமஸ்டர் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும்.

பயனர் கோப்புறையின் பெயரையும் கவனியுங்கள். தன் பெயர், அப்பா பெயர் எல்லாம் இடைவெளி விட்டு எழுதிக் கணக்குத் திறந்தவர்களுக்குச் சில கருவிகள் தகராறு செய்யும். இஎஸ்பி32க்கு நிரல் எழுத உதவும் இஎஸ்பி-ஐடிஎஃப் போன்றவை இடைவெளியோ ஆங்கிலம் அல்லாத எழுத்தோ இல்லாத பாதையை எதிர்பார்க்கின்றன. சி டிரைவில் நேரடியாகச் சிறிய பெயரில் ஒரு கோப்புறை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பதிப்பு எண் பலரும் அசட்டையாக விடுவது. இஎஸ்பி32க்கான ஆர்டுயினோ தொகுப்பு 2024இல் பதிப்பு 3க்கு மாறியபோது, எல்இடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சில கட்டளைகள் நீக்கப்பட்டன. முந்தைய ஆண்டின் பயிற்சித் தாளை அப்படியே தட்டச்சு செய்தவர்களுக்குப் பிழைதான் கிடைக்கும். தாளிலும் தவறில்லை, மாணவரிடமும் தவறில்லை. தொகுப்பின் பதிப்பு எண்ணைப் பயிற்சித் தாளின் தலைப்பிலேயே அச்சிட்டுவிட்டு, நடுவில் “புதுப்பிக்கவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லப் பழக்க வேண்டும்.

எல்லாம் சரி என்று எப்போது சொல்லலாம்

எல்இடி மினுக்கும் எளிய நிரலை ஏற்றிவிட்டு, விளக்கு மினுக்குகிறது, முடிந்தது என்று எழுந்து போகாதீர்கள். புதிதாக வாங்கும் போர்டுகள் பலவற்றில் அதே நிரல் கடையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் நிரல் போய்ச் சேரவே இல்லாமலும் அது ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைந்து மினுக்கலாம். நிரலில் தாமதத்தை 1000 மில்லிநொடியிலிருந்து 100 ஆக்கி மறுபடி ஏற்றுங்கள். விளக்கு படபடவென்று துடித்தால் ஐடிஇயிலிருந்து ஃபிளாஷ் வரை வழி திறந்திருக்கிறது. சென்சார், மோட்டார் எல்லாம் அதற்குப் பிறகு.

துடிக்கவில்லை, யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால், திரையின் பாதியைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பிழைச் செய்தியின் முதல் வரியை எழுத்தாக நகலெடுங்கள். கடைசி வரி பெரும்பாலும் “தோல்வி” என்று மட்டும் சொல்லும், காரணம் மேலே இருக்கும். அதோடு போர்டின் பெயர், இடைச் சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்துகள், காம் எண் தோன்றுகிறதா இல்லையா, போர்டைச் செருகாமல் சரிபார்த்தபோது என்ன வந்தது என்ற நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.